கூடாரமும் கழனியும்

சின்னத்திரையில் உழவைக் காட்டுவது புதிதன்று. 1967-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று தில்லித் தொலைக்காட்சி 'கிருஷி தர்ஷன்' நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. 1975-இல் சென்னை நிலையம் பிறந்தபின் 'வயலும் வாழ்வும்' நம் வீடுகளுக்கு வந்தது. எந்த உரத்தை எவ்வளவு இடுவது, எந்தப் பூச்சிக்கு எதைத் தெளிப்பது என்று அலுவலர் ஒருவர் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். நகரத்தார் அதைக் கேலி செய்தனர். 'ஒலியும் ஒளியும்' எப்போது வரும் என்று காத்திருந்தனர். கலைநயம் அதில் குறைவுதான். ஆயினும் அது உழவரைப் பார்த்துப் பேசிற்று. மறுநாள் செய்வதற்கு ஒரு வேலையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று.

இன்று உலகெங்கும் பேசப்படும் உழவுத் தொடர் வேறு வகையானது. கார்களைப் பற்றிய நிகழ்ச்சியால் புகழ்பெற்ற ஜெரமி கிளார்க்சன், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் சாட்லிங்டன் என்னும் சிற்றூரின் அருகே ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் நிலத்தை 2008-இல் வாங்கினார். பயிரிட்டு வந்தவர் ஓய்வு பெறவே, 2019-இல் தாமே உழவில் இறங்கினார். அந்தக் கதையே 2021 முதல் அமேசான் பிரைமில் வெளிவரும் 'கிளார்க்சனின் பண்ணை'. உழத் தெரியாத செல்வந்தர் தடுமாறுகிறார்; உள்ளூர் இளைஞர் கேலப் கூப்பர் அவரைக் கடிந்துகொள்கிறார்; நாம் சிரிக்கிறோம். முதல் ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது, அரசு மானியம் நீங்கலாக மிஞ்சியது 144 பவுண்டு மட்டுமே. ஆயிரம் ஏக்கர், ஓராண்டு உழைப்பு, 144 பவுண்டு! சிரிப்பு நின்றுபோகும் இந்த இடமே தொடரின் சிறந்த இடம். எந்தப் பொருளாதார நூலும் இவ்வளவு எளிதாக உழவரின் நிலையைச் சொன்னதில்லை என்று துணிந்து கூறலாம்.

ஆனால் இத்தொடர் பேசுவது உழவரிடம் அன்று, உண்பவரிடம். அவருக்கு அது என்ன வேலை கொடுக்கிறது? போய்ப் பார்க்கும் வேலையைக் கொடுக்கிறது. பண்ணைக் கடையின் முன் கார்கள் அணிவகுத்தன, ஊரார் முறையிட்டனர், அங்கே உணவகம் அமைக்க 2022-இல் உள்ளாட்சி மன்றம் இசைவு மறுத்தது. சுற்றுப்புற வயல்களில் கூடாரமடித்து, இரண்டு மூன்று இரவுகள் தங்கி, புகழ்பெற்ற பண்ணையை எட்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது இப்போது ஒரு விடுமுறைப் பழக்கம். இதைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. கண்ணுக்குப் பசுமையும் நெஞ்சுக்கு அமைதியும் நகரத்தாருக்கும் வேண்டியவையே. எனினும் 144 பவுண்டைக் கண்டு கலங்கிய மனம், பண்ணையின் பெயர் பொறித்த பொருளொன்றை வாங்கியதும் ஆறிவிடுகிறதே, அதுதான் நம்மை உறுத்துகிறது.

இக்கூடாரங்கள் தொலைதூரத்துச் செய்தியல்ல. நம் அடி அண்ணாமலையையே பாருங்கள். மலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறம் அமைந்த ஊர். மாணிக்கவாசகருக்குக் கோயில் உள்ள ஊர். நெல்லும் மல்லாட்டையும் விளைந்த கழனிகளின் நடுவே இன்று விடுதிகளும் மனைப்பிரிவுக் கற்களும் எழுந்து நிற்கின்றன. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கும் பாதையில் நிலத்தின் விலை நெல்லின் விலையை நம்பியிருக்கவில்லை. வந்து தங்குவோர் சாளரத்தைத் திறந்து, மலையையும் எஞ்சிய பசுமையையும் கண்டு மகிழ்கின்றனர். அந்தப் பசுமைக்கு நீர் பாய்ச்சுபவர் யார் என்ற கேள்வி விடுதிக் கட்டணத்தில் அடங்குவதில்லை.

திருவிவிலியத்திலும் ஒரு கூடார விடுமுறை உண்டு. லேவியர் நூலின் 23-ஆம் அதிகாரம் கூறும் கூடாரப் பெருவிழா அது. நிலத்தின் விளைச்சலைச் சேர்த்தபின் ஏழு நாள்கள் கூடாரங்களில் தங்க வேண்டும் என்பது கட்டளை. முதலில் அறுவடை, பிறகே கூடாரம். இவ்வரிசையை நாம் எளிதில் கடந்து போய்விடுகிறோம். அதே அதிகாரம் வயலின் ஓரக் கதிரை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடச் சொல்கிறது. இணைச்சட்ட நூலோ பணியாளரையும் அநாதையையும் கைம்பெண்ணையும் விழாவில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. யோவான் நற்செய்தி, வாக்கு மனிதரானதைச் சொல்லும் இடத்தில் கையாளும் கிரேக்க வினைச்சொல்லும் கூடாரத்திலிருந்தே பிறந்தது. அங்கே கூடாரமடித்தவர் பார்த்துவிட்டுப் போக வந்தவரல்லர்.

இவ்வகையில் நம் தமிழ்த் திரை ஒரு நல்ல விடை தந்திருக்கிறது. மணிகண்டன் இயக்கி 2022 பிப்ரவரியில் வெளிவந்த 'கடைசி விவசாயி'யையே குறிப்பிடுகிறோம். உசிலம்பட்டி வட்டாரத்து முதிய உழவர் நல்லாண்டி அதில் மாயாண்டியாக வாழ்ந்தார்; படம் வெளிவருமுன் மறைந்தார். 2023-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாக அது தேர்வாயிற்று. நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. விஜய் சேதுபதியின் முருகபக்தப் பாத்திரம் கதையின் ஓட்டத்தைச் சற்றே தளர்த்துகிறது. (பக்தி மிகுந்துவிட்டதென்று குருவானவர் ஒருவர் குறைகூறுவது விந்தைதான்!) ஆனால் விதையில்லாத் தக்காளியைக் கண்டு கிழவர் திகைக்கும் காட்சி ஒன்றே போதும், இயக்குநரின் ஆழத்தைக் காட்ட.

குலதெய்வத் திருவிழாவுக்கு நெல் விளைவிக்க வேண்டிய அக்கிழவர், இறந்த மயிலைப் புதைத்ததற்காகச் சிறைக்குப் போகிறார். மிகைக் கற்பனை என்று சிலர் எழுதினர். நம் மாவட்டத்தின் மேல்மாவில், தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த உழவர் எழுவர்மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுக்கவே அறுவர்மீதான ஆணையை அரசு விலக்கிக்கொண்டது. அவர்கள் தொலைக்காட்சியில் தோன்றியது செய்தியின் சில நிமிடங்களில். அவர்களுடைய கழனியைக் காண எவரும் கூடாரம் தூக்கிச் செல்லவில்லை.

படத்தில் கிழவருக்குத் தம் விடுதலையைவிட, வாடும் பயிரே கவலை. அதை உணர்ந்த நீதிபதி, அப்பயிருக்கு நீர் பாய்ச்சும்படி காவலர் ஒருவருக்கு ஆணையிடுகிறார். வேளாண்மை அறியாத அந்தக் காவலர், சீருடையும் சலிப்புமாய் அவ்வயலுக்குப் போகிறார். புகழ்பெற்ற பண்ணையைப் பார்க்க வந்தவரல்லர் அவர், வேண்டாவெறுப்பாய் வந்தவர். ஆனாலும் மாயாண்டியின் நெல்லுக்குத் தண்ணீர் அவர் கையால்தான் போகிறது.