பத்தாண்டுக் குத்தகைக்கு ஒரு புல்வெளி

பயிர் வைக்காதே, பணம் தருகிறேன் என்று அரசு சொன்னால் நம் ஊர் விவசாயி சிரிப்பார். அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தோடு பிறந்த கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம், சுருக்கமாக சி.ஆர்.பி., அதைத்தான் சொல்கிறது. மண் அரித்துப்போகும் நிலத்தில் சாகுபடியை நிறுத்திப் புல்லோ மரமோ வளர்த்தால், 10 முதல் 15 ஆண்டுவரை அரசு வாடகை கொடுக்கும். கட்டாயம் எதுவும் இல்லை.

பலன் இல்லை என்று வாதிட முடியாது. டகோட்டா மாநிலங்களில் பனியாறுகள் விட்டுச்சென்ற சிறு குட்டைகள் ஏராளம். வாத்து நீந்துவது குட்டையில். முட்டையிடுவதோ சுற்றியுள்ள புல்லில். குட்டையின் ஓரம்வரை கோதுமை விதைத்துவிட்டால் அது எங்கே கூடு கட்டும்? சி.ஆர்.பி. புல் வளர்ந்த பிறகு அங்கே வாத்துகள் பெருகின. கூடு கட்டும் பருவத்தில் புல்லை அறுக்கவும் கட்டுப்பாடு உண்டு.

தொடக்கத்தில் ஏக்கர் கணக்கைக் கூட்டுவதே குறியாக இருந்தது. 1990-களில் மதிப்பெண் முறை வந்தது. மண்ணுக்கும் நீருக்கும் காட்டுயிருக்கும் எவ்வளவு நன்மை என்று பார்த்து நிலத்தைத் தேர்ந்தார்கள். வாடகையைக் குறைத்துக் கேட்டவருக்குக் கூடுதல் மதிப்பெண். அரசுத் திட்டங்களில் இவ்வளவு புத்திசாலித்தனம் அபூர்வம்.

கோளாறு ஒப்பந்தக் காலத்தில் இருக்கிறது. 2007-இல் சுமார் 3.68 கோடி ஏக்கர் இத்திட்டத்தில் இருந்தது. எத்தனாலுக்கான தேவையும் சேர்ந்து மக்காச்சோள விலையை ஏற்றவே, ஒப்பந்தம் முடிந்த பலர் புதுப்பிக்காமல் ஏரைப் பூட்டினார்கள் (அங்கே டிராக்டர்தான்). 2014 சட்டத்தில் நாடாளுமன்றமே உச்சவரம்பை 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. பத்தாண்டு வாடகை கொடுத்து மண்ணில் சேர்த்த கரிமத்தில் ஒரு பங்கு, உழுததும் காற்றோடு போய்விடும்.

இன்னொரு கசிவும் உண்டு. ஒரு வயலைப் புல்லுக்கு விட்டவர் பக்கத்துக் கன்னி நிலத்தை உழத் தொடங்கலாம். பொருளியலாளர் ஜுன்ஜி வூ 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மத்திய அமெரிக்காவில் 100 ஏக்கர் ஓய்வு பெற்றால் 20 ஏக்கர் புதிதாக உழவுக்கு வந்தது. குத்தகை நிலம் தேடும் இளம் விவசாயிக்கோ, வாடகைக்கு அரசே போட்டியாளர்.

இத்திட்டத்தில் எனக்கு நம்பிக்கை தருவது ஓடைக்கரைப் புல்பட்டைதான். அகலம் சில பத்தடி. வயலிலிருந்து உரத்தோடு ஓடிவரும் நீர் அங்கே வேகம் குறைந்து வண்டலை இறக்கிவிட்டு வடிகிறது. மிச்ச வயலில் சாகுபடி நடக்கிறது; விலை ஏறினாலும் அந்த ஓரத்தை உழுவதில் பெரிய லாபமில்லை.

முழு வயல்களுக்குக் குத்தகை போதாது. ஈரநிலங்களில் உழும் உரிமையையே நிரந்தரமாக விலைகொடுத்து வாங்கும் வழியை 1990 சட்டமே திறந்துவைத்தது. மண் அதிகம் அரிக்கும் சரிவுகளுக்கும் அதையே செய்திருக்க வேண்டும். வாடகைப் பணத்தில் ஒரு பகுதியை இனியாவது அதற்குத் திருப்பலாம்.