வரிகள் மறையும் இடம்

மார்கழி இரவுகளில் செக்கச் சிவந்து நிற்கும் திருவாதிரையின் குறுக்களவைக் கண்டறிந்தவர்கள் அதன் வட்டத்தைப் பார்த்ததே இல்லை. 1920 டிசம்பர் 13 அன்று, கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் அவர்கள் பார்த்தது வெறும் வரிகளை. 100 அங்குலத் தொலைநோக்கியின் தலைமேல் 20 அடி எஃகு உத்தரம். அதில் நகரும் இரண்டு ஆடிகள். இரண்டிலிருந்தும் வரும் ஒளி கலக்கும்போது வெளிச்சமும் இருளும் மாறி மாறி வரிகளாகத் தெரியும். திட்டம் இயற்பியலாளர் மைக்கெல்சனுடையது, அன்றிரவு கண் வைத்தவர்கள் பீஸும் ஆண்டர்சனும். ஆடிகளை விலக்க விலக்க வரிகள் மங்கின. இடைவெளி சுமார் 3 மீட்டரானபோது மறைந்தன. கருவி பிசகியதோ? வேறு விண்மீன்களுக்குத் திருப்பினார்கள். அங்கே வரிகள் இருந்தன. அப்படியானால் மறைவு திருவாதிரையுடையதுதான். வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனக்கென்று ஒரு வரிசை வரிகளை எழுதுகிறது. ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றின் இருள்மேல் விழும் தொலைவில் எல்லாம் கரைந்துவிடும். அந்தத் தொலைவே விண்மீனின் அளவைச் சொல்லிவிடுகிறது.

அதே மலையில் இப்போது ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாரா அணி இயங்குகிறது. 1 மீட்டர் தொலைநோக்கிகள் ஆறு. தொலைவான இரண்டுக்கும் இடையே சுமார் 330 மீட்டர். ஒளி வெற்றிடக் குழாய்கள் வழியே ஒரே கட்டடத்துக்கு வருகிறது. விண்மீன் வானில் நகர நகரப் பாதைகளின் நீளமும் மாறும். அதை ஈடுகட்ட, ஆடி சுமந்த வண்டிகள் தண்டவாளத்தில் இரவெல்லாம் ஊர்கின்றன.

ஆனால் ஒளியைக் கலந்து அளக்கும் இக்கலையில் நான் மிகவும் வியப்பது ஒரு கூட்டல் கணக்கை. ஒவ்வொரு தொலைநோக்கிக்கு மேலும் காற்று தன் போக்கில் ஒளியைத் தாமதிக்கிறது. வரிகள் இடம் பெயர்ந்து தள்ளாடும். மூன்று தொலைநோக்கிகளை முக்கோணமாக எடுத்து, மூன்று இணைகளின் பெயர்ச்சியையும் சுற்றி வந்து கூட்டினால், ஒவ்வொன்றின் காற்றுப் பிழையும் ஒரு முறை கூட்டலாகவும் ஒரு முறை கழித்தலாகவும் வந்து அடிபட்டுப் போகும். மிஞ்சுவது விண்மீனுக்கே உரியது. 1950களில் ரேடியோ வானியலுக்காக ஜெனிசன் கண்ட வழி இது. காற்றை அடக்க முயலாமலே அதை வென்றுவிடும் இந்த நேர்த்திக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

அதன் பலன், 2007இல் சாரா அணியைக் கொண்டு ஜான் மானியர் குழு வெளியிட்ட திருவோணத்தின் படம். சூரியனைத் தவிர, அதைப் போல முதன்மை வரிசையைச் சேர்ந்த வேறெந்த விண்மீனின் மேற்பரப்பும் அதற்கு முன் படமானதில்லை. சுமார் 9 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும் அந்த விண்மீன் நடுவில் பிதுங்கியிருக்கிறது. துருவம் பிரகாசம், நடுப்பகுதி மங்கல். இதை 1924இலேயே ஃபான் ஸைபெல் கணித்திருந்தார். ஆனால் நடுப்பகுதி அவர் விதி சொன்னதைவிடவும் குளிர்ந்திருந்தது. ஹபிள் படங்களில் பழகிய கண்ணுக்கு இது ஒரு திட்டாகத்தான் தெரியும். எனக்கோ அந்த உபரிக் குளிர்ச்சிதான் படத்தின் உயிர். கணிப்பை அப்படியே திருப்பிச் சொல்லாமல் விண்மீன் தன் சொந்தச் செய்தியைச் சொன்ன இடம் அது.

பிரம்மஹிருதயத்தின் அருகே இருக்கும் எப்சிலான் அவுரிகே என்ற விண்மீன் 27 ஆண்டுகளுக்கு ஒரு முறை மங்கும். மறைப்பது எது என்பது நெடுங்காலப் புதிர். 2009இன் கடைசி மாதங்களில் சாரா அணி எடுத்த படங்களில், ஒல்லியான கரிய தட்டு ஒன்று விண்மீனின் முகத்தில் ஏறி நகர்ந்துகொண்டிருந்தது.