வேலைக் குறிப்பும் வேற்றுமை உருபும்

வாளையார், கஞ்சிக்கோடு பக்கத்தில் ஒரு தொழிற்கூடத்துக்குள் நுழைந்தால் தமிழ், மலையாளம், இந்தி மூன்றும் காதில் விழும். ஆனால் எந்திரத்தில் ஒட்டியிருக்கும் வேலைக் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலம்தான். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அங்கே பேசுகிற மூன்று மொழிகளிலும் வினை கடைசியில் வரும். எழுதி ஒட்டியிருக்கிற மொழியிலோ, ஏவல் என்றால் வினை முதலிலேயே வந்து நிற்கும். இந்த முரணை நாம் யாரும் பொருட்படுத்துவதில்லை.

நாம் பொருட்படுத்துவதெல்லாம் வேறு. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'அபௌட்' போட்டால் மேலதிகாரியின் சிவப்பு மை பாயும். 'ரிட்டர்ன் பேக்', 'கம்ப்ரைசஸ் ஆஃப்' என்று எழுதினால் சிரிப்பார்கள். இந்தியர் ஆங்கிலத்தைத் திருத்த வந்த கையேடுகளும் இந்தப் பட்டியலையே திரும்பத் திரும்பத் தருகின்றன. இவை பிழைகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் இவற்றால் எந்த எந்திரமும் பழுதாகாது. பொருள் தெளிவாகவே இருக்கிறது. பழுதாக்கும் பிழைகள் இலக்கணச் சுத்தமாக நம் கண்ணெதிரே போகின்றன என்பதே என் குற்றச்சாட்டு.

என் அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், வார்னிஷ் பூசிய காயில்களை உலர்த்தும் ஓவனுக்கு இரவு ஷிஃப்ட் குறிப்பு எழுதினேன். 120 டிகிரியில் இருப்பதை 80 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். 'டு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பை' என்று எழுதிவிட்டேன். குறைக்க வேண்டிய அளவு 80 என்று ஆகிவிட்டது. ஆபரேட்டர் அப்படியே 40க்கு இறக்கிவிட்டார். காலையில் பார்த்தால் வார்னிஷ் ஈரமாகவே இருந்தது. அத்தனை காயிலையும் மறுபடி உலர்த்த வேண்டியதாயிற்று. "சார், நீங்க எழுதினதைத்தானே செஞ்சேன்" என்றார் அவர். நான் என்ன பதில் சொல்வது? அதே தாளில் என் 'டிஸ்கஸ் அபௌட்' மட்டும் ஒழுங்காகத் திருத்தப்பட்டிருந்தது!

இந்த இரண்டு சிறு சொற்களின் வேறுபாட்டை உணர நம் ஊர் ரயில் பாதையையே பாருங்கள். வாளையார்–மதுக்கரை காட்டுப் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க இரவு வேகத்துக்கு 45 கிலோமீட்டர் வரம்பு வைத்தார்கள். 100 கிலோமீட்டரில் வரும் வண்டியை '45 ஆகக் குறை' என்பது ஒன்று. '45 குறை' என்பது வேறொன்று. பின்னதில் வேகம் 55. தமிழில் இந்த வேறுபாடு குழந்தைக்கும் தெரியும். 'ஐந்து மணிக்குள் நிறுத்து', 'ஐந்து மணி வரை நிறுத்து' என்பவையும் அப்படியே. நம் உருபுகளில் தெளிவாக இருப்பதை ஆங்கில முன்னிடைச்சொல்லில் கோட்டை விடுகிறோம்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலுக்கு அடுத்தபடியாக வேற்றுமை மயங்கியல் என்றே ஓர் இயல் வைத்தார். ஓர் உருபின் இடத்தில் இன்னொன்று வருவதை அவர் முற்றாக விலக்கவில்லை. எங்கெங்கே அது வழக்கில் பொருந்தும் என்று வகுத்துக் காட்டினார். நம் சிவப்பு மைக்காரர்களுக்கும் இந்தப் பாகுபாடு வேண்டும்: பொருள் கெடாத மயக்கம் எது, பொருளைக் கெடுக்கும் மயக்கம் எது?

இனிச் சொல் வரிசை. 'வால்வைத் திற, அழுத்தம் இறங்கிய பிறகு' என்பதுபோல் அமைவது ஆங்கிலத்தில் பிழையற்ற வாக்கியம். ஆனால் எந்திரத்தின் முன் நிற்பவன் முதல் இரண்டு சொல்லைப் படித்ததுமே கையை நீட்டிவிடுவான். தமிழன் இயல்பாகச் சொல்வது 'அழுத்தம் இறங்கிய பிறகு வால்வைத் திற' என்றுதான். நிபந்தனை முன்னால், செயல் பின்னால்.

இது நம் பெருமைக்காகச் சொல்வதன்று. ஐரோப்பிய வானூர்தித் தொழிலமைப்பு பராமரிப்பு நூல்களுக்காக 1986இல் எளிய ஆங்கில வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இன்று அது ஏஎஸ்டி-எஸ்டிஇ100 எனப்படுகிறது. செயலுக்கு முன் நிபந்தனை நிறைவேற வேண்டுமானால், அதை வாக்கியத்தின் தொடக்கத்தில் வை என்பது அதன் விதிகளுள் ஒன்று. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. மூன்றுக்கு மேல் பெயர்களை அடுக்கக் கூடாது என்றும் அது விதிக்கிறது. 'எமர்ஜென்சி பம்ப் மோட்டார் ஸ்விட்ச்' என்றால் அவசரத்துக்கு உரியது பம்பா, ஸ்விட்சா? உருபு தொக்கி நிற்கும் தொகையை விரித்துப் பொருள் காணப் பழகிய நமக்கு இந்தச் சிக்கல் புதிதல்லவே.

நம் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கி, வினை எப்போது வரும் என்று படிப்பவனைக் காக்க வைக்கிறோம். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போது 'வெப்பம் 10 டிகிரியால் உயர்த்தப்பட வேண்டும்' என்று எழுதுகிறோம். '10 டிகிரி கூட்டு' என்றால் முடிந்தது!

ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆங்கிலத்தில் வேலைக் குறிப்பு எழுதுமுன், அதைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த உருபு வருகிறது, எது முன்னால் வருகிறது என்று கவனியுங்கள். அந்த வரிசையை இயன்றவரை ஆங்கிலத்திலும் காத்துக்கொள்ளுங்கள். 'அபௌட்' கூடுதலாக விழுந்தால் விழட்டும். வால்வு முன் நிற்பவன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்; அதுதான் முக்கியம்.