நின்றவளும் அமர்ந்தவனும்

பழைய வீட்டுக் கூடத்துச் சுவரைச் சற்றே அண்ணாந்து பாருங்கள், தோழர்களே! கண்ணாடிச் சட்டத்துக்குள், கறுப்பும் வெளுப்புமாக ஒரு மணமக்கள் படம். கைவைத்த நாற்காலியில் மணமகன் வீற்றிருப்பான். அருகே மணமகள் நிற்பாள். பின்னே, திரைச்சீலையில் தீட்டிய மாளிகைத் தூண்கள். குடிசைவாசிக்கும் அதே தூண்கள்தாம்! கழுத்திலே நகை குறைந்தால், படத்தின்மீது தூரிகையால் தீட்டித் தந்த நிழற்பட நிலையங்களும் இருந்தன. அந்த ஏழைப் பெண் பூண்ட பொன்னெல்லாம் வண்ணக் குழம்பே!

"என்ன அழகு, என்ன அடக்கம்!" என்று இப்படங்களை இன்று போற்றுவோர் பலர். அழகை நாம் மறுக்கவில்லை. ஒளியும் நிழலும் அறிந்த கலைஞனின் கைத்திறன் அது. ஆனால், அடக்கம்? அடங்கியவர் யார்? யாருக்கு? சிரிப்பற்ற முகத்துக்குக் கருவி ஓரளவு காரணமாகலாம். அசைந்தால் உருவம் கலைந்துவிடும். நாற்காலி ஒன்றே ஒன்றானதற்குமா கருவி காரணம்? மற்றொன்றை இட எந்த விஞ்ஞானம் தடுத்தது?

வேறு வகைப் படமும் உண்டு. புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை. இரண்டு நாற்காலிகள், இரண்டு மாலைகள், சூழ நிற்கும் தோழர் கூட்டம். 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த மணம் முதலாக, ஊர்தோறும் பரவிய சுயமரியாதைத் திருமணங்களின் படங்கள் இவை. கலைநயம் தேடினால் ஏமாற்றமே. சிலவற்றில் மணமக்களைவிடச் சொற்பொழிவாளரே பெரிதாகத் தெரிவார்! ஆயினும், நமது மதிப்பீட்டில், மாளிகைத் தூண்களைவிட இவை உயர்ந்தவை. ஏன்?

சடங்கில்லாத இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டுகள் பல கூடி வாழ்ந்தவள் மனைவி அல்லள் என்றானாள்! பெற்ற பிள்ளைகளின் உரிமை கேள்விக்குறியாயிற்று! அந்நாளில் அவளுடைய சுவரில் தொங்கிய படம் வெறும் அலங்காரமா? ஊரறிய மணந்தோம் என்பதற்கு அவள் கைவசமிருந்த சான்றல்லவா அது! மன்றம் ஏற்காத சான்று. எனினும் அவள் கழற்றி வைக்காத சான்று.

1967இல் அண்ணா தலைமையிலான அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக உறுதி கூறினால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும். முன்னரே நடந்த மணங்களும் செல்லுபடியாயின. அந்தப் பழைய படங்களை மீண்டும் பாருங்கள்: அதே மாலை, அதே நண்பர்!

அப்படங்கள் இன்று மங்குகின்றன, கறையான் தின்கிறது. உங்கள் வீட்டில் ஒன்றிருந்தால் சட்டத்தைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். மணமகன் பெயர் இருந்து மணமகள் பெயர் இல்லையேல், அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.