கோடு எங்கே போடப்படுகிறது?

2020 ஆகஸ்ட் 5ஆம் திகதி போலந்தின் கட்டோவிட்சே நகரில் நடந்ததை சைக்கிளோட்ட உலகம் இன்னும் மறக்கவில்லை. போலந்து சுற்றுப்போட்டியின் முதல் கட்டம். முடிவுக்கோடு கண்ணுக்கு எட்டிய நேரத்தில் நெதர்லாந்தின் டிலன் குரூனவேகன் தன் தடத்தை விட்டு விலகி, பக்கத்தில் ஏறிவந்த சக நாட்டவர் ஃபாபியோ யாக்கோப்சனை வேலியோடு நெருக்கினார். வேலி பிரிந்து வீதியில் சிதறியது. யாக்கோப்சனை மருத்துவர்கள் செயற்கைக் கோமாவில் வைத்தார்கள். பற்கள் அநேகமாக எல்லாமே போயின. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை.

தடை சரியானதுதான். ஆனால் அந்தக் கோடு போடப்பட்டிருந்தது ஓர் இறக்கத்தில். வீரர்கள் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவு வேகத்தில் வந்தார்கள். இந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முந்திய ஆண்டுகளிலேயே பலர் எச்சரித்திருந்தார்கள். குரூனவேகனின் குற்றத்தைப் பேசிய அளவுக்கு, கோட்டை அங்கே போட்ட முடிவைப் பற்றி நாம் பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

வேக முடிவு என்பது கடைசி 200 மீட்டரில் பிறப்பதல்ல. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓடினால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். அதனால்தான் ஓர் அணி தன் வேகவீரரைக் கடைசியில் வைக்க, மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக முன்னே நின்று காற்றை வாங்கிக்கொண்டு, சக்தி தீர்ந்ததும் விலகுகிறார்கள். கடைசி ஆள் விலகும் கணத்தில் வேகவீரர் வெளியே பாய வேண்டும். பிந்திப் பாய்ந்தால் வழி அடைபடும். முந்திப் பாய்ந்தால் முதுகுக்குப் பின்னால் எதிரி ஒளிந்துகொள்வார். 35 கட்ட வெற்றிகளோடு பிரான்ஸ் சுற்றுப்போட்டியின் சாதனையை 2024இல் தனதாக்கிய மார்க் கேவண்டிஷின் பெருமை கால் பலத்தில் மட்டும் இல்லை, அந்தக் கணத்தை அறிந்ததிலும் இருக்கிறது.

இதில் ஒருவர் அரை மீட்டர் சாய்ந்தால் போதும். பாய்ந்த தடத்தை விட்டு விலகி மற்றவருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது என்ற விதி நெடுங்காலமாக உண்டு. 2025 முதல் மஞ்சள் அட்டையும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது; ஒரே போட்டியில் இரண்டு வாங்கினால் வெளியேற்றம். அதே ஆண்டு ஜூலையில், பிரான்ஸ் சுற்றுப்போட்டியின் மூன்றாம் கட்டத்தில், பச்சைச் சட்டையோடு ஓடிய யாஸ்பர் ஃபிலிப்சன் இடைவழி வேகப்புள்ளி ஒன்றில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டு வீடு திரும்பினார். அவரோடு மோதியவருக்கு அட்டை கொடுக்கப்பட்டது. ஆனால் அட்டை விழுந்த பின்பு வருவது. விழாமல் தடுப்பது வழித்தடம்.

நான் இதை எழுதுவது மலையகத்தை மனதில் வைத்துத்தான். இங்கே பத்து நிமிடம் சமதரையில் ஓடக் கிடைப்பது அபூர்வம். சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ள கம்பளையில் தொடங்கி புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதி, ஐரோப்பாவின் பேர்பெற்ற மலைக்கட்டங்களுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. மேலே போக வேகம் தானாகக் குறையும், கூட்டம் சிதறும். ஏற்றத்தில் முடியும் போட்டியில் வேலியோடு நெருக்குவதற்கு ஆட்களே மிஞ்ச மாட்டார்கள்.

இறக்கம்தான் என்னைப் பயப்படுத்துகிறது. 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் நடந்த வாகன விபத்தில் ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லயில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வளைவுகளில் இரண்டு விரல் அகல டயரில், தலைக்கவசமும் மெல்லிய சட்டையும் மட்டும் அணிந்து ஒருவர் இறங்கப்போகிறார் என்பதை ஏற்பாட்டாளர் எண்ணிப் பார்க்க வேண்டும். சைக்கிளோட்ட வீரர் ஜீனோ மேடர் 2023 ஜூனில் சுவிட்சர்லாந்தின் அல்புலா இறக்கத்தில் விழுந்து மறுநாள் உயிரிழந்தார். நன்றாகப் பராமரித்த வீதி, தேர்ந்த வீரர், அப்படியும் தப்பவில்லை. நம் வீதியிலோ மழை கழுவிவந்த மண், கொழுந்து லொறி, எதிரே திரும்பும் ஓட்டோ, பகலிலும் இறங்கும் பனிமூட்டம்.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கட்டப் போட்டி ஒன்று நடத்துபவர் முதலில் செய்ய வேண்டியது, முடிவுக்கோட்டை ஏற்றத்திலோ ஏற்றத்துக்குப் பின் நீண்ட நேர்வீதியிலோ போடுவது. தலவாக்கலையிலிருந்து நானுஓயா நோக்கி ஏறும் பாதை இதற்கு நல்ல இடம். மேலிருந்து கினிகத்தேனைக்கோ கித்துல்கலைக்கோ இறங்கி, அடிவாரத்தில் பரிசு வைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். இறங்கியே ஆக வேண்டிய கட்டமானால், நேரத்தை உச்சியிலேயே நிறுத்திவிட்டு, கீழே தொடக்கத்தை மறுபடி வைக்கலாம். கடைசி மூன்று கிலோமீட்டரில் விழுந்தவருக்கு, கூட வந்தவர்களின் நேரத்தையே கொடுக்கும் விதி பெரிய போட்டிகளில் பழகிப்போனது. அதன் நோக்கமும் ஆபத்தான இடத்தில் நொடிகளுக்காகச் சண்டையிடத் தேவையில்லாமல் செய்வதுதான். அதை மலைக்கு ஏற்ப நீட்டுவதில் தவறில்லை.

அத்துடன் வீதியை முழுதாக மூட வேண்டும், பாதியாக அல்ல. குருட்டு வளைவு ஒவ்வொன்றிலும் கொடியும் விசிலுமாக ஒருவர் நிற்க வேண்டும். அந்த வேலைக்குப் பக்கத்துத் தோட்டத்து இளைஞர்களை முன்கூட்டியே பயிற்றுவித்து, கூலி கொடுத்து அமர்த்தலாம். எந்த வளைவில் மழைநாளில் மண் வழிகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.