பணக்கொடையும் பரிசில் கடாநிலையும்

சிப்காட்டில் ஒரு கம்பெனிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவரோடு டீக்கடையில் பேச நேர்ந்தது. கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் பிறந்தவர். என் வயதுதான், முப்பதைத் தாண்டியவர். 'சிலோன்காரன்னு சொல்றாங்க சார், நான் சிலோனைப் பார்த்ததே இல்ல' என்றார். மறுநாள் வேலைக்கு வர மாட்டாராம். முகாமில் செக்கிங். அதிகாரி பெயர் வாசிக்கும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். 'ஒருநாள் கூலி போனா போவுது, லிஸ்ட்ல பேரு போவக்கூடாது.'

அந்த லிஸ்ட்டில் உள்ளவர்களுக்கு மாதாமாதம் தரப்படும் தொகைக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'பணக்கொடை'. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இந்தச் சொல் உறுத்தாமல் போகாது. கொடை என்றால் அங்கே ஒரு புரவலனும் ஒரு இரவலனும் உண்டு. ஆனால் புறநானூற்று இரவலன் வாய் திறக்க முடிந்தவன். பரிசில் கடாநிலை என்று ஒரு துறையே இருக்கிறது, கேட்கலாம், இடித்துரைக்கலாம். தன்னைப் பார்க்காமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் வேண்டாமென்று மறுத்தார். முகாம்காரரை அரசு பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறது. அந்தப் பார்வைக்குப் பெயர் செக்கிங். கேட்பதற்கு அவரிடம் ஓட்டு இல்லை. மறுப்பதற்கு வசதி இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு இந்தத் தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1000 ரூபாயிலிருந்து 1500 ஆக உயர்த்தியது. புதிய வீடுகள் அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. இவற்றை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஒழுகாத கூரை ஒழுகாத கூரைதான். ஆனால் பெயர் மாறிய பிறகும் 'முகாம்' ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது? முப்பது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருப்பவர்கள் வாழும் இடம் முகாமா, ஊரா?

இணைத்தல், ஒருங்கிணைப்பு என்றெல்லாம் பேசுகிறோம். உழைப்பு எப்போதோ இணைந்துவிட்டது. மொழியும்தான். 'கதைக்கிறது' போய்ப் 'பேசுறது' வந்தாயிற்று. இணையாமல் நிற்பது சட்டம். 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவர் பிறப்பால் குடிமகனாக வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று எண்ணி இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. நல்லது. ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது, நீ எங்களில் ஒருவன் என்பதாகாது.

ஜெர்மனியில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது: டூல்டுங். பொறுத்துக்கொள்ளல் என்று பொருள். 1999 போரில் கொசோவோவிலிருந்து தப்பிய ரோமா மக்கள் பலர் இந்தத் தாளைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வருடங்களைக் கழித்தார்கள். அது குடியிருக்கும் உரிமையல்ல. வெளியேற்றுவதைத் தள்ளிவைப்பது மட்டுமே. அங்கே பிள்ளைகள் ஜெர்மன் பேசி வளர்ந்தார்கள். இங்கே பிள்ளைகள் நம் பாடப் புத்தகத்தையே படிக்கிறார்கள். உதவி தந்துகொண்டே உரிமையைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கடைசியாக நம் சங்கதி. ஈழத்துக்காக எவ்வளவு கவிதை எழுதினோம்! கடல் தாண்டிய துயரம் நமக்குப் பாடுபொருளானது. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் போய்ச் சேரக்கூடிய முகாம் ஆகவில்லை. 2007இல் தொ. பத்திநாதன் 'போரின் மறுபக்கம்' நூலில் தன் முகாம் வாழ்க்கையைத் தானே எழுத வேண்டிவந்தது. அதைத் துயர வரலாறாக வாசித்து 'உச்' கொட்டிவிட்டு நகர்ந்தோம். தமிழ்நாட்டின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டாக அதை வாசிக்கவில்லை.

திரும்பிப் போக விரும்புகிறவருக்கு வழி, இருக்க விரும்புகிறவருக்குக் குடியுரிமை. இரண்டில் எது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அதுவரை கடாநிலை பாட வேண்டியவர்கள் ஓட்டு வைத்திருக்கும் நாம். பெயிண்டர் டீக்குத் தானே காசு கொடுத்தார். நான் கொடுக்கப்போனபோது கையைத் தட்டிவிட்டார்.