ஐந்து பரோக்களின் ஓட்டம்: எது சாதனை?

1970-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்குள் சுற்றிச் சுற்றி நடந்த முதல் மாரத்தானில் 127 பேர் ஓடினார்கள். முடித்தவர்கள் 55 பேர். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். 2024-இல் ஓடி முடித்தவர்கள் 55,000-க்கும் மேல். இந்த வளர்ச்சியைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய வியப்பில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்கர் ஃபிராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்றபின் அமெரிக்காவே ஓடத் தொடங்கியது. சிகாகோவும் லண்டனும்கூட இப்படித்தான் பெருத்தன.

நியூயார்க்குக்கே உரிய சாதனை 1976-இல் நடந்தது. நாட்டின் இருநூறாவது ஆண்டையொட்டி, பூங்காவை விட்டு நகரின் ஐந்து பரோக்கள் (நிர்வாகப் பகுதிகள்) வழியாகவும் ஓடலாம் என்ற யோசனை எழுந்தது. அமைப்பாளர் ஃபிரெட் லெபோ முதலில் தயங்கினார். மன்ஹாட்டன் பரோ தலைவர் பெர்சி சட்டன் கைகொடுத்தார். இத்தனைக்கும் முந்தைய ஆண்டுதான் நகராட்சி திவாலாகும் விளிம்புவரை போயிருந்தது. ஸ்டேட்டன் தீவில் கிளம்பி, வெரசானோ பாலமேறி, புரூக்ளின், குவீன்ஸ், பிராங்க்ஸ் என்று ஓடியதில், அந்நியர் எட்டிப்பார்க்காத தெருக்களும் பந்தயத்துக்குள் வந்தன. அன்று 2:10:10-இல் வென்ற பில் ராட்ஜர்ஸின் காரை, அவர் ஓடிக்கொண்டிருந்தபோதே இழுத்துப்போய்விட்டார்கள். நகரம் நகரமாகத்தான் இருந்தது!

பெண்கள் கணக்கிலும் இந்தப் பந்தயத்துக்கு மதிப்பெண் உண்டு. ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்பே பெண்கள் தனியாகக் கிளம்ப வேண்டும் என்ற விதியை எதிர்த்து, 1972-இல் ஆறு பெண்கள் தொடக்கக் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் கிளம்பும்போதுதான் எழுந்து ஓடினார்கள்.

ஆனால் 2012-இல் சாண்டி புயல் ஸ்டேட்டன் தீவைச் சூறையாடிய சில நாட்களிலேயே பந்தயத்தை நடத்தப் பார்த்தார்கள். வீடுகள் இருளில் கிடக்க, பந்தயத்துக்காகப் பூங்காவில் ஜெனரேட்டர்கள் நின்றன. மக்கள் கொதித்த பிறகுதான், இரண்டு நாள் முன்னதாக ரத்தானது. ஐந்து பரோக்களின் விழா என்பவர்களுக்கு ரத்து செய்யும் எண்ணம் தானாகவே தோன்றியிருக்க வேண்டும்.

என் முக்கியக் குறை நுழைவில்தான். 2025 குலுக்கலுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கே இடம். குலுக்கலில் தவறியவருக்கு நன்கொடை திரட்டும் வழி உண்டு, அதற்கு ஆயிரக்கணக்கான டாலர் சேர்க்க வேண்டும். வெளிநாட்டவருக்குச் சுற்றுலாத் தொகுப்பு. நன்கொடை நல்ல காரியங்களுக்குப் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் வசதியான நண்பர்கள் உள்ளவருக்கே அது எளிது. ஓராண்டில், மாரத்தானை நடத்தும் ஓட்டக்காரர் மன்றத்தின் ஒன்பது பந்தயங்களில் ஓடி, ஒன்றில் தொண்டு செய்தால் அடுத்த ஆண்டு இடம் என்ற ஏற்பாடுதான் உள்ளூர்க்காரரின் உழைப்பை மதிக்கிறது.

2024-இல் பந்தயத்துக்காக வெரசானோ பாலத்தை மூடுவதால் இழக்கும் சுங்கத்துக்கு ஈடாக ஏழரை லட்சம் டாலர் கேட்டது போக்குவரத்து ஆணையம். ஆளுநர் தலையிட்டு அதைத் தடுத்தார். சரியான முடிவுதான், ஒரு நிபந்தனையோடு: பொதுப்பணத்தை விட்டுக்கொடுக்கும் மாநிலம், பிராங்க்ஸ்வாசிக்கும் ஸ்டேட்டன் தீவுக்காரருக்கும் பணம் திரட்டாமலே கிடைக்கும் இடங்களைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.